முன்கோபியும் ஒரு பென்சிலும்

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

உன் மாமா, தலைமை வெல்டர், எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றைக்குப் பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். "என் அக்கா பெத்த பொண்ணு விண்வெளியில இருந்து எழுதியிருக்கா, காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க" என்று சொல்லி உரக்க வாசித்தேன். ஐம்பது பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

(ஓரத்தில், பென்சிலில்: தலைமை வெல்டர் இல்லை, வெறும் வெல்டர். கடிதம் விண்வெளியிலிருந்து வரவில்லை. ஐம்பது பேர் இல்லை, நாலு பேர். முதலாளிக்குக் கண்ணில் தூசி.)

பார்த்தாயா, உங்கம்மா ஆரம்பித்துவிட்டாள். நான் எழுதி முடிக்கிற பக்கத்தை எல்லாம் பிடுங்கி, அச்சகத்திலிருந்து அவளுக்கு வருகிற புரூஃபைத் திருத்துகிற மாதிரியே திருத்திவிட்டுத்தான் உறையில் போட விடுகிறாள். நீயே ஒரு கடிதம் எழுதேன் அக்கா என்றால், "நீ எழுதறதைத் திருத்தவே எனக்குப் பொழுது சரியா இருக்கு" என்கிறாள். அவளுடைய வலது கண் சின்ன வயதுக் காய்ச்சலிலேயே போனது. இடது கண்ணில் புரை எடுத்தபோது உள்ளே இருந்த லென்ஸையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், மாற்று லென்ஸ் வைக்கவில்லை. மிச்சம் இருப்பது அந்த ஒற்றைக் கண்ணும் சோடாபுட்டிக் கண்ணாடியும்தான். அதை வைத்துக்கொண்டு என் பொய்யை மட்டும் எப்படித்தான் பிடிக்கிறாளோ.

விஷயத்துக்கு வருகிறேன். பிஞ்சு நட்சத்திரங்களைப் பார்ப்பதுதான் வேலை என்று எழுதியிருந்தாய். என்ன வெளிச்சத்தில் பார்க்கிறாய், அந்தத் தொலைநோக்கியை எதற்கு அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய்ச் சுற்றவிட்டார்கள், எனக்குப் புரிகிற மாதிரி எழுது. மேல்மாடி வங்கிக்காரர் என்னை மடக்கிவிட்டார். "நட்சத்திரம் பார்க்க நம்ம மொட்டைமாடி போதாதா சார்" என்றார். நான் விடுவேனா? "அது ரகசியம் சார், அரசாங்கம் வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கு" என்று ஒரு போடு போட்டேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

(பென்சிலில்: இவன்தான் முழித்தான்.)

போனில் விளக்கலாம் என்று நினைக்காதே. தகரத்தைத் தட்டித் தட்டி என் காது எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. எழுது.

உன் மாமா


மார்ச் 13

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மாவின் பென்சிலைத்தான் முதலில் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா போனில் பேசினால் "சாப்பிட்டியா, நல்லா இருக்கேன், வெச்சிடறேன்" என்று மூன்றே விஷயம். பென்சிலில்தான் என்னோடு பேசுகிறாள்.

வங்கிக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். புதிதாகப் பிறந்த நட்சத்திரம் முழுதாகச் செய்து முடிக்கப்பட்டதல்ல. அதைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு தட்டு போலச் சுழன்றுகொண்டிருக்கும். அந்தத் தட்டிலிருந்துதான் பிற்பாடு கோள்கள் உருவாகின்றன. தட்டின் உள் ஓரத்து வாயுவை நட்சத்திரத்தின் காந்தப்புலம் பிடித்து இழுக்கிறது. அது தலைகுப்புற நட்சத்திரத்தின் மேல் விழுகிறது. விழுந்த இடம் சூடேறிச் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் எரிகிறது. அந்த ஒளியைப் படித்தால் நட்சத்திரம் எவ்வளவு விழுங்குகிறது, தட்டில் என்ன மிஞ்சும், அங்கே கோள் வளர வழி உண்டா என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் நம் தலைக்கு மேல் இருக்கிற காற்று அந்த ஒளியை வடிகட்டிவிடுகிறது. மொட்டைமாடிக்கு அது வந்து சேராது. அதனால்தான் காற்றுக்கு மேலே ஒரு தொலைநோக்கி.

உங்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லட்டுமா? நீங்கள் வெல்டிங் ராடைத் தகட்டில் தொட்டதும் வருகிற வெளிச்சத்திலும் புற ஊதா இருக்கிறது. உங்கள் கறுப்புக் கண்ணாடி எதைத் தடுக்கிறதோ அதைத்தான் நான் பார்க்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்தில்தான் வேலை செய்கிறோம் மாமா.

இன்னொன்றையும் உங்களிடம்தான் சொல்ல முடியும். எனக்குக் கொடுத்திருக்கும் நட்சத்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் முன்கோபி. சாதுவாக இருக்கும், திடீரென்று சீறும். தொலைநோக்கியின் புற ஊதாக் கருவியோ மிக மங்கலான ஒளிக்காகச் செய்தது. தாங்கும் அளவுக்கு மேல் வெளிச்சம் விழுந்தால் பாழாகிவிடும். மேலே போய் மாற்ற ஆளில்லை. அதனால் திறப்பதற்கு முன் தரையில் இருக்கிற தொலைநோக்கிகளால் அது அமைதியாக இருக்கிறதா என்று பார்ப்போம். அப்படிப் பார்க்காமல் கருவியின் கண்ணைத் திறப்பதே இல்லை. இந்த முறை பார்த்துவிட்டு "திறக்கலாம்" என்று சொல்ல வேண்டிய ஆள் நான். ஜன்னல் திறக்காத ஓர் அறையில், ஆறிப்போன காபியோடு உட்கார்ந்து ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன். விரல் வேர்த்து விசைப்பலகையில் வழுக்குகிறது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அம்மா, நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும். பென்சிலைக் கீழே வை.

வாலு


மார்ச் 27

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே வெளிச்சமாமே. இத்தனை வருஷமாக நட்சத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரும்புக் கேட்டுக்குக் கம்பி ஒட்டியிருக்கிறேன், ஒரு பயல் சொல்லவில்லை பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் குடியிருப்புக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு கூட்டம் போட்டேன். சாதாரணக் கூட்டமில்லை. தெருவே அடைத்துவிட்டது. விலக்கிவிட வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு அவரும் நின்று பார்த்தார். பட்டறையிலிருந்து மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தேன். ஒரு மணி நேரம் சொற்பொழிவு. தட்டு, வாயு, காந்தம், தலைகுப்புற விழுதல், எல்லாம். பிறகு, "பிஞ்சு நட்சத்திரம் எப்படி எரியும்னு எவனாவது பார்த்திருக்கீங்களா? பாருங்க" என்று சொல்லி ராடைத் தொட்டேன். கைதட்டல் பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். வங்கிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இவ்வளவு நாள் உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன்" என்று தழுதழுத்தார்.

உங்கம்மாவுக்கு முன்வரிசை நாற்காலி. உன்னைப் பெற்றவளாயிற்றே. இப்போது அயர்ந்து தூங்குகிறாள். எழுப்ப மனசில்லாமல் நானே உறையை ஒட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம். எனக்கில்லை, பட்டறையில் ஒருத்தன் கேட்கிறான். அந்த வெளிச்சம் பட்டால் கண்ணின் மேல்புறம் எரியும், மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும், இரண்டொரு நாளில் சரியாகும். அது எனக்கே எத்தனையோ தடவை வந்ததுதான். அது கண்ணுக்கு உள்ளேயும் போகுமா? போனால் பார்வை திரும்பி வருமா? சும்மாதான் கேட்கிறான். சீக்கிரம் எழுது. உறைமேல் என் பேரை மட்டும் போடு.

உன் மாமா


ஏப்ரல் 6

மாமா,

உங்கள் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். விளக்குக்கு நேரே பிடித்தும் பார்த்தேன். பென்சில் இல்லை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்குப் பக்கத்திலும் இல்லை. அம்மா அதையெல்லாம் விட்டுவைப்பாளா? காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ஒரு "பொய்" போட்டுத்தான் அனுப்பினாள்.

போன் செய்தேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ வேலையைப் பாரு" என்றாள். குரலை வைத்துக் கண் எப்படி இருக்கிறது என்று தெரியாது. "சுவர்ல காலண்டர் இருக்கே, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி என்ன கிழமைன்னு பார்த்துச் சொல்லும்மா" என்று கேட்டேன். "கண்ணாடி அடுத்த ரூம்ல இருக்குடி" என்றாள். கண்ணாடி இல்லாமல் படுக்கையை விட்டே இறங்காதவள்.

பட்டறையில் கேட்டவன் யார் மாமா?

கேட்டதற்குப் பதில் இது. கருவிழி கொஞ்சம் தடுக்கும். உள்ளே இருக்கிற லென்ஸ் மிச்சத்தைத் தடுக்கும். லென்ஸ் இருக்கிறவர்களுக்கு.

எனக்கு அலங்காரம் வேண்டாம். யார் கண், எப்படி, டாக்டர் என்ன சொன்னார், அவ்வளவுதான் வேண்டும். முன்கோபிக்கு நாள் நெருங்குகிறது. திரையில் இருக்கிற எண் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

வாலு


ஏப்ரல் 17

வாலு,

உங்கம்மா கண்தான்.

போலீஸ் வரவில்லை. பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் கொடுத்தேன், அவளுக்கும். ஒரு தடவை தொட்டுக் காட்டிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். கை தட்டினார்கள். இன்னொரு ராடு போட்டேன். மறுபடி தட்டினார்கள். அதற்கு மேலும் ஒன்று போட்டேன். முகமூடிக்குள் இருக்கிறவனுக்கு நெருப்பு மட்டும்தான் தெரியும், சுற்றி ஒரே இருட்டு. அவள் கறுப்புக் கண்ணாடியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியா எல்லாம் பச்சையாத்தான்டா தெரியுது. என் பொண்ணு பார்க்கிறதை நானும் பார்க்கணும்னு எடுத்துட்டேன்" என்றாள். "ஊதா மாதிரி இருந்துச்சு. ஊதா இல்ல. இதுக்கு முன்ன நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

அன்று இரவு கண் எரிந்தது. அது போய்விட்டது. போன பிறகு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. எங்கே பார்த்தாலும் அங்கே அது முன்னால் போய் நிற்கிறது. பார்க்கிற எழுத்து இல்லை, பக்கத்து எழுத்து இருக்கிறது. என்னைப் பார்த்து, "உன் ரெண்டு காதும் தெரியுது, மூஞ்சிதான் இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அச்சகத்துக்குத் தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். உள்ளே சுட்டிருக்கிறது என்றார். சில பேருக்கு மெல்ல மெல்லத் தெளியும், சில பேருக்குத் தெளியாது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். சொல்ல வேறு எதுவும் அவரிடம் இல்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மாமா


மே 1

மாமா,

பொய் இல்லாத கடிதம் ஒன்று உங்களிடமிருந்து இதுவரை எனக்கு வந்ததில்லை. இது வந்தது. அறையில் நின்றபடியே இரண்டாம் முறையும் படித்தேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. மூன்றாவது ராடை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் அதை எழுத உட்கார்ந்தால் என் மார்ச் மாதக் கடிதம் வந்து குறுக்கே நிற்கிறது. ஒரே வெளிச்சம் என்று அத்தனை அழகாக எழுதத் தெரிந்த எனக்கு, அம்மாவை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அவளுக்கு லென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும் என்று உங்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். யாரோ செய்த கருவிக்காக வேர்த்து வழிந்தேன். அம்மாவை மறந்தேன்.

அவள் பார்த்தது நிஜம். லென்ஸ் இல்லாத கண்ணுக்குப் புற ஊதாவின் விளிம்பு கொஞ்சம் தெரியும். என் தொலைநோக்கி பார்க்கிற ஒளிக்கு அது பக்கத்து வீடு. சொல்லுங்கள் அவளிடம். வேண்டாம், சொல்லாதீர்கள். சந்தோஷப்படுவாள்.

டிக்கெட் எடுத்துவிட்டுப் போன் செய்தேன். "இப்ப வராதே" என்றாள். "நீ வந்து எதிர்ல நின்னா உன் மூஞ்சி இருக்கிற இடத்துல ஓட்டைதான் இருக்கும். அதை நான் பார்க்கமாட்டேன். கண்ணு தெளியட்டும், வா." டிக்கெட்டை ரத்து செய்யவில்லை, தேதியைத்தான் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

முன்கோபியின் முறை வந்து போய்விட்டது. முந்தின நாள் தரைத் தொலைநோக்கிகளில் பார்த்தபோது பிரகாசம் கொஞ்சம் கூடியிருந்தது. அளவுக்குள்தான் இருந்தது. "திறக்கலாமே" என்றார் எங்கள் குழுத் தலைவர். வேண்டாம் என்றேன். என் பேச்சைக் கேட்டு மூடியே வைத்தார்கள். அது சீறவே இல்லை. பூனைக்குட்டி மாதிரி கிடந்தது. அறையில் யாரும் என்னைத் திட்டவில்லை, ஆளாளுக்குத் தங்கள் திரையைப் பார்த்தார்கள். இந்த முறை மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. எண்ணைப் பார்த்துச் சொன்னேனா, அம்மாவை நினைத்துச் சொன்னேனா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இனி எந்த நட்சத்திரத்துக்காவது நான் "திறக்கலாம்" என்று சொல்வேனா என்று பயமாக இருக்கிறது.

அடுத்த கடிதத்தில் கொஞ்சம் பொய் எழுதுங்கள் மாமா. பெரிய பொய்யாக.

இல்லை, வேண்டாம். பொய் எழுதினால் என்னைத் தேற்ற எழுதினீர்களா, நிஜமாகவே நல்ல சேதி வந்துவிட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்மையை எழுதினாலும் பயம், பொய்யை எழுதினாலும் பயம். பென்சில் இல்லாமல் உங்கள் கடிதத்தைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

வாலு


ஜூன் 18

அன்புள்ள வாலுக்கு,

உன் மாமா, தலைமை வெல்டர், எழுதிக்கொள்வது. நேற்று உங்கம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். விளக்கை அடித்துப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என் அனுபவத்துல இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை" என்று சொல்லிக் கைகுலுக்கினார், அவளுக்கு இல்லை, எனக்கு. நர்சுகள் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

(பென்சிலில், வரி கோணலாக, மை எழுத்தின் மேல் ஏறி: எழுந்திருக்கவில்லை. நர்சு ஒருத்தி. "பரவாயில்லை" என்றார்.)

சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடகடவென்று கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அதற்கும் கீழே, பலகையை அச்சடித்தவன் பேரையும் வாசித்தாள்.

(பென்சிலில்: மேலே நாலு வரி. ஐந்தாவதில் பாதி.)

பொட்டு போயே போய்விட்டது.

(பென்சிலில்: போகவில்லை. சின்னதாகியிருக்கிறது. தலையைச் சாய்த்தால் எழுத்து ஓரமாக வருகிறது. இன்னும் சுருங்குமா என்று டாக்டருக்கும் தெரியாது.)

அச்சகத்திலிருந்து மறுபடி தாள் வருகிறது. நான் வாசிக்கிறேன், அவள் பிழை சொல்கிறாள். நான் வாசித்துக் கேட்டால் எழுதினவர்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கிறதாம். அச்சகக்காரரே சொன்னார்.

(பென்சிலில்: இல்லாததை எல்லாம் சேர்த்து வாசிக்கிறான். புத்தகம் இரண்டு பங்காகிவிட்டது.)

நானும் மறுபடி பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். ராடைத் தொடுவதற்கு முன்னால் முகமூடியைத் தூக்கிச் சுற்றிலும் ஒரு தடவை பார்க்கிறேன். யாரும் இல்லை என்று தெரிந்தாலும் பார்க்கிறேன். மற்றவர்கள் கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

(பென்சிலில்: இது உண்மை.)

மற்றபடி நீ நினைக்கிற மாதிரி இங்கே யாரும் ஆடிப்போகவில்லை. எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், அக்கா கண்ணாவது போவதாவது. ஒரு நாள், ஒரு நிமிஷம் நான் பயப்படவில்லை.

உன் மாமா

(பென்சிலில், தாளின் அடியில், வரி மேலே ஏறி இறங்கி: பொய். தினமும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான், எனக்குக் கேட்காது என்று. நானும் பயந்துதான் இருந்தேன். இந்தப் பக்கத்தைத் திருத்தி முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. காலண்டரைப் பார்த்துவிட்டேன். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி திங்கட்கிழமை. வா.)